கோடு வரைக்கும்

எங்கள் எதிர்வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு முழுச் சைக்கிளை விலைக்கு வாங்கியவர் இல்லை. ஃபிரேமை ஒரு பழைய இரும்புக்கடையில் பிடிப்பார், சக்கரத்தை இன்னொரு கடையில். மட்கார்டு யாராவது வேண்டாமென்று சுவரோரம் சாத்தி வைத்ததாக இருக்கும். எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் குவிப்பார். ஒரு வாரம் கழித்து எட்டிப்பார்த்தால் அது வண்டியாகி, பெயின்ட் காய நின்றுகொண்டிருக்கும். வாங்குகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. ஆள் குட்டையா நெட்டையா, மூட்டை ஏற்றுவாரா, முழங்கால் வலி உண்டா என்று கேட்டுக்கேட்டுச் செய்வார். நான் துணி தைக்கிறவள். அளவெடுத்துச் செய்கிற வேலையைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை.

அவர் மனைவிக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். சக்கரத்துக்குக் கம்பி கோப்பதும் பெண்டு எடுப்பதும் அவள்தான். கம்பியை விரலால் சுண்டிவிட்டுக் காதைச் சாய்ப்பாள், எது தொய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வண்டியை வாங்க வருகிறவர்களிடம் பேசுவதும் அவள் பொறுப்பு. அவருக்குப் பேசத் தெரியாது. யாராவது கேள்வி கேட்டால் சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

எல்லாரிடமும் அவள் தவறாமல் சொல்லி அனுப்புவது ஒன்று உண்டு. ஹேண்டில்பாரைத் தாங்குகிற தண்டு முன்குழாய்க்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு போல்ட்டைத் தளர்த்தி, வேண்டிய உயரத்துக்கு அதை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் தண்டைச் சுற்றி ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு குழாய்க்கு வெளியே வந்துவிட்டால் உள்ளே பிடிமானம் போதாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில் கையோடு வந்துவிடும்.

"உங்க இஷ்டம்போல ஏத்திக்குங்க, கோடு வரைக்கும். கோடு கண்ணுல பட்டுச்சுன்னா நிப்பாட்டிடணும்" என்பாள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். தெருவில் பாதிப்பேர் அவள் மாணவர்கள்.

அந்த வீட்டுப் பெண்ணைப் பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கல்யாணம் ஆன பின்னும் பாப்பாதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை. மாப்பிள்ளை அச்சகத்தில் பிற்பகல் முறை. இருவரும் மாடி அறையில் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பையன். ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. குழாய் சொட்டினால் அவர் கையில் ஸ்பேனர், கதவு கிறீச்சிட்டால் அவர் கையில் எண்ணெய். அன்றைக்குக் காலையில் பாப்பா கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்கத்தான் எல்லாம் நடந்தது, என் மெஷின் தெருவைப் பார்த்துத்தான் கிடக்கிறது.

"குனிஞ்சு குனிஞ்சு ஓட்டி முதுகே போச்சு. அப்பா வரட்டும், ஹேண்டில ஏத்தித் தரச் சொல்லணும்."

"அதுக்கு எதுக்கு மாமா? நான் இருக்கேன்ல" என்று மாப்பிள்ளை ஸ்பேனரோடு குதித்து வந்தார்.

"கோடு வரைக்கும்பா" என்றாள் மாமியார், ரொட்டியை டப்பாவில் அடைத்தபடி. பிறகு மனசு கேட்காமல் வந்து பக்கத்திலேயே நின்றாள். அவர் ஏற்றினார். கோடு தெரிந்தது. மறுபடி கொஞ்சம் அமுக்கினார், கோடு மறைந்தது. இறுக்கினார். அவளும் ஒரு தடவை ஸ்பேனரை வாங்கி அழுத்திப் பார்த்தாள்.

"இப்ப ராணி மாதிரி போ" என்றார் மாப்பிள்ளை.

"ராணி சைக்கிள்லயா போவா?" என்று சிரித்துக்கொண்டே பாப்பா ஏறிப்போனாள். டப்பாவும் போனும் முன்கூடையில் இருந்தன.

அவள் தெருமுனை திரும்பி நான் ஒரு சட்டைக் கை தைத்து முடிப்பதற்குள் சைக்கிள்காரர் வந்துவிட்டார். தோளில் இரண்டு ரிம் தொங்கின. வழக்கத்தைவிட நல்ல சாமான் கிடைத்திருக்க வேண்டும், முகம் அப்படி இருந்தது.

"வாங்க மாமா. பாப்பா வண்டி ஹேண்டில ஏத்திக் குடுத்துட்டேன்."

"எவ்வளவு?"

"கோடு வரைக்கும்தான். அத்தையும் பார்த்தாங்க."

ரிம் இரண்டும் கீழே விழுந்தன. ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போனது. அந்த மனுஷர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நட்டு தவறினாலே தெருவைப் பெருக்கித் தேடுகிறவர் அவர்.

"எப்பக் கிளம்புனா?"

"இப்பதான். ஏன் மாமா?"

மனைவி உள்ளேயிருந்து போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "என்னங்க? என்ன ஆச்சு? இருங்க, கூப்பிட்டு நிக்கச் சொல்றேன்."

"போடாதே!" அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "மணி அடிச்சா கூடையிலேருந்து எடுப்பா. ஒத்தக் கையில ஓட்டுவா. போடாதேன்னு சொல்றேன்ல!"

"கோடு உள்ளதாங்க இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

அவர் கைக்குக் கிடைத்த வண்டியை இழுத்தார். மட்கார்டு மாட்டாத, பெயின்ட் அடிக்காத வண்டி. அதில் காலைப் போட்டவர் கால் வழுக்கி நின்றார். என்னைப் பார்த்தார்.

"டெய்லரக்கா, கூட வாங்க. காலு நடுங்குது. தனியாப் போக முடியாது."

கத்தரிக்கோலை வைத்துவிட்டு என் சைக்கிளை எடுத்தேன். மாப்பிள்ளை மாமியாரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு பின்னால் மிதித்தார். அவள் சும்மா வரவில்லை, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே வந்தாள். கடைத்தெரு தாண்டுவதற்குள் அவர்கள் பின்தங்கிவிட்டார்கள்.

தூறல் ஆரம்பித்தது. சைக்கிள்காரர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார், பின்சக்கரம் சேற்றை அள்ளி அவர் முதுகில் அடித்தது. நான் மூச்சிரைக்கப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

"என்னன்னு சொல்லுங்க. சொல்லலேன்னா எனக்கு மூச்சு நின்னுடும்."

"அந்தத் தண்ட நான் வெட்டிட்டேன்க்கா."

"வெட்டிட்டீங்களா?"

"அது வேற வண்டித் தண்டு. நீளம். இந்தக் குழாய்க்குள்ள பாதியில முட்டிக்கிட்டு இறங்கல. அடியில கொஞ்சம் ரம்பத்தால அறுத்துட்டேன். அறுத்ததும் ஜம்முனு இறங்கிடுச்சு. இறங்கி இருக்கற வரைக்கும் ஒரு பயமும் இல்ல."

"அப்ப அந்தக் கோடு?"

"கோடு பழைய நீளத்துக்குப் போட்டது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. ஒரு சட்டையை அடியில் வெட்டிவிட்டு, பழைய அளவையே அளவுச் சீட்டில் விட்டுவைத்த மாதிரி. கோடு உள்ளே இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய தண்டு இல்லை.

"எவ்வளவு உள்ள இருக்கும்?"

"ஒரு கட்டைவிரல் அகலம். அதுகூட இருக்குமோ இருக்காதோ."

"சமமான ரோட்டுல தாங்குமா?"

"சமமா ஓட்டுனா தாங்கும். இறக்கத்துல பிரேக் போட்டா ஆளோட கனம் பூரா கையில வந்து விழும்."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியே இறக்கம்தான். நீளமான இறக்கம், அடியில் லாரிகள் போகிற பெரிய சாலை. அங்கே பிரேக் போடாமல் யாரும் இறங்க முடியாது. நான் தினம் பார்க்கிற சாலை அது. அன்றைக்கு அதன் உச்சியில் போய் நின்றேன். கீழே, சாலை சேருகிற இடத்தில், கூட்டம் கூடியிருந்தது. ஒரு லாரி குறுக்கே நின்றது. குடைகள் வட்டமாக நின்றன. ஆட்கள் குனிந்து எதையோ தரையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிள்காரர் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்.

"நீங்க போய்ப் பாருங்கக்கா."

"வாங்க, சேர்ந்து போலாம்."

"என்னால முடியாது. நீங்க பார்த்துட்டு அங்கேருந்து கையக் காட்டுங்க. ஒண்ணுமில்லேன்னா கையத் தூக்குங்க."

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனை கடவுளை எனக்குத் தெரியுமோ அத்தனை பேரையும் கூப்பிட்டேன். சாலையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது, பாப்பா வேலைக்குப் போட்டுப்போகிற அங்கியின் வெள்ளை. கிட்டே போனால் மாவு. லாரியிலிருந்து மூட்டை சரிந்து, கிழிந்து, மழையில் கூழாகிக் கிடந்தது. அதைத்தான் குனிந்து வழித்துக்கொண்டிருந்தார்கள். "சைக்கிள்ல ஒரு பொண்ணு போச்சா?" என்று கேட்டேன். எத்தனையோ பேர் போகிறார்கள் என்றான் லாரிக்காரன். நான் மேலே பார்த்துக் கையைத் தூக்கினேன். அவர் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் பாப்பா கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழுசாக. அங்கியில் ஒரு கறைகூட இல்லை. நனைந்துபோய் நின்ற எங்களைப் பார்த்து அவள்தான் பயந்தாள்.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதாவது?"

நான்தான் கேட்டேன், எப்படி வந்து சேர்ந்தாய் என்று.

"இறக்கத்துல ஹேண்டில் ஒரு மாதிரி ஆடுச்சு பெரியம்மா. இறங்கித் தள்ளிக்கிட்டே வந்துட்டேன். லேட்டுன்னு திட்டு வேற. அவர்கிட்ட சொல்லாதீங்க, ஆசையாப் பண்ணினாரு, வருத்தப்படுவாரு."

அப்பா மகள் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நின்றார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிடவே அவள் போய்விட்டாள்.

வெளியே சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் மற்ற இருவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். மகள் பத்திரம் என்று தெரிந்ததும் மாமியார் ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்ததும் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"ஸ்பேனரத் தூக்கிட்டா மெக்கானிக்கா? சரியா இறுக்கியிருக்க மாட்டே. என் பொண்ணு உயிரு உனக்கு விளையாட்டாப் போச்சா?"

"தப்புதான் அத்தை" என்றார் அந்தப் பையன். முகம் வெளுத்திருந்தது. "நான் தொட்டிருக்கக் கூடாது."

சைக்கிள்காரர் ஒரு துணியை எடுத்துப் பாப்பா வண்டியின் சங்கிலியைத் துடைத்தார். எனக்கு வந்ததே கோபம். ஒரு நல்ல பையன் தலையில் பழி விழுந்துகொண்டிருக்கிறது, இந்த ஆள் சங்கிலியைத் துடைக்கிறார். நான் அவரையே முறைத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அவருக்கு அது புரிந்தது.

"அவரத் திட்டாதே" என்றார்.

ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டைத் தளர்த்தித் தட்டினார். தண்டை மேலே உருவினார். உருவ ஆரம்பித்த உடனேயே அது வெளியே வந்துவிட்டது. மனைவி அதைக் கையில் வாங்கினாள். அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவினாள், ரம்பத்தின் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

"யாரு வெட்டுனது?"

"நான்தான்."

"வெட்டுனவரு கோட்ட அழிச்சிருக்க வேணாமா?"

"அரம் போட்டா அந்த இடம் சொரசொரப்பாயிடும். வாங்க வர்றவங்க தண்ட ஏத்தி அந்தக் கோட்டைத்தான் முதல்ல பார்க்கறாங்க. நீதானே பார்க்கச் சொல்லிக் குடுத்திருக்கே? கோடு இல்லேன்னா மட்டமான சாமான்னு நினைப்பாங்க. விக்கறதுக்குன்னு செஞ்ச வண்டிதானே இது. பாப்பாவுக்கு வேலை கிடைச்சதும் அவசரமா எடுத்துக் குடுத்துட்டோம். குட்டைப் பொண்ணு, ஏத்த மாட்டான்னு நினைச்சேன். அப்புறம் மறந்தே போச்சு."

"விக்கறதுக்குன்னா பரவாயில்லையா?"

மழை தகரத்தில் சடசடத்தது. மாப்பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல் ஒதுங்கி நின்றார். மாமியார் அவரிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் புத்தி அதற்குள் வேறு எங்கோ போய்விட்டிருந்தது.

"இது ஒண்ணுதானா?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். இந்த மாதிரி வெட்டுனது இது ஒண்ணுதானா?"

நான் என் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா? அவர் அதைக் கவனித்துவிட்டு, "உங்களோடது முழுசுக்கா" என்றார். பிறகு மனைவியிடம், "இன்னும் ஒண்ணு. பேக்கரிக்காரம்மாவோடது. அவங்க ஏத்தியிருக்க மாட்டாங்க."

அவள் கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் ஸ்பேனர் கேட்டு வந்தா. முன்னாடி சின்னவனுக்கு சீட்டுப் போட்டிருக்கா, அவன் தலை ஹேண்டில்ல இடிக்குதுன்னா. நான்தான் சொல்லி அனுப்புனேன். என் வாயால நான்தான் சொன்னேன், கோடு வரைக்கும் ஏத்திக்கோன்னு."

ஒரு வாரமாக அந்தப் பெண் அந்த வண்டியில்தான் போய்வந்துகொண்டிருக்கிறாள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. என் பயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன், அது அப்போதுதான் கால் ஊன்றியது.

திரும்பி வருகிற வழியில் சைக்கிள்காரர் மெதுவாகச் சொன்னார்: "சர்வீஸ் பண்ணித் தர்றோம்னு சொல்லி வண்டிய வாங்கிக்கலாம். வேற தண்டு போட்டுக் குடுத்துடலாம். எதுக்குச் சொல்லி அவங்களையும் கலவரப்படுத்தணும்?"

"சொல்லணும்" என்றாள் அவள்.

"தெரு பூராப் பரவிடும். அப்புறம் யாரு நம்மகிட்ட வண்டி வாங்குவா?"

"வாங்க வேணாம்."

மழை விட்டிருந்தது. பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேக்கரிக்காரர் தட்டிலிருந்து ரொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சூடான ரொட்டி வாசனை தெருவரை வந்தது.

"வீட்டுக்காரம்மா இருக்காங்களா?"

"பசங்கள அழைச்சிட்டு வரப் போயிருக்கா. மதியத்தோட விட்டுடுவாங்கள்ல. வர்ற நேரம்தான். என்ன விஷயம், எல்லாரும் நனைஞ்சிருக்கீங்க?"

சைக்கிள்காரர் மனைவி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வண்டித் தண்டு வெட்டியது, ஹேண்டில் எப்போது வேண்டுமானாலும் கழன்று வரும், தப்பு எங்களுடையது என்று மூன்றே வாக்கியம். பேக்கரிக்காரர் தட்டை அப்படியே போட்டுவிட்டு மாவுக் கையோடு தெருவுக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற சந்து பேக்கரியை நோக்கிச் சரிந்து இறங்கும். பெரிய சரிவு இல்லை. ஆனால் ஈரம். நாங்கள் முனைக்குப் போகவும் பேக்கரிக்காரம்மா சைக்கிளில் மேலே திரும்பவும் சரியாக இருந்தது. சின்னவன் முன்சீட்டில் ஹேண்டிலின் நடுவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியவள் கேரியரில். பேக்கரிக்காரர் கூப்பிட வாயைத் திறந்தார். சைக்கிள்காரர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"கூப்பிடாதீங்க. பதறிப்போய் பிரேக்கப் பிடிச்சா மூணு பேரும் முன்னாடி வந்துடுவாங்க. சிரிங்க. சும்மா நிக்கற மாதிரி நில்லுங்க."

சிரித்தோம். அப்படி ஒரு சிரிப்பை நான் வாழ்க்கையில் சிரித்ததில்லை. சைக்கிள்காரர் மனைவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. அந்தப் பெண் எங்களைப் பார்த்துவிட்டாள். தெரிந்தவர்களெல்லாம் வரிசையாக நின்று சிரித்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? அவள் ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து எங்களைப் பார்த்து ஆட்டினாள். பின்னால் இருந்த பெண்ணும் ஆட்டியது. வண்டி லேசாக வளைந்தது.

பேக்கரிக்காரர் முனகினார். சைக்கிள்காரர் மட்டும் சந்தில் ஏறி நடக்க ஆரம்பித்தார். ஓடவில்லை. குழந்தையை வாங்கப் போகிறவர் போல இரண்டு கையையும் நீட்டி, சிரித்துக்கொண்டே நடந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் தரையில் காலைத் தேய்த்து வேகத்தைக் குறைத்தாள். அவர் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து நிறுத்தினார்.

"என்னண்ணே, நனைஞ்சுபோய் எல்லாரும் இங்க நிக்கறீங்க? நல்லவேளை, உங்களத்தான் பார்க்கணும்னு இருந்தேன்" என்றாள் அவள். "இன்னும் ஒரு விரக்கடை ஏத்தித் தர முடியுமா? இவன் வளர்ந்துக்கிட்டே இருக்கான். நானே ஏத்தலாம்னு பார்த்தேன், கோடு வந்துடுச்சு. அண்ணி சொல்லியிருக்காங்களே, அதுக்கு மேல தொடக் கூடாதுன்னு. அதான் விட்டுட்டேன்."

அவர் சின்னவனைத் தூக்கித் தரையில் விட்டார். பெரியவளை இறக்கி விட்டார். அவளையும் இறங்கச் சொன்னார். பிறகு ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, ஸ்பேனர் எதுவும் இல்லாமல், ஒரு திருப்புத் திருப்பித் தூக்கினார். அது பிரேக் ஒயரோடு கையில் வந்தது. வெட்டிய அடிப்பக்கம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"நான்தாம்மா வெட்டுனேன்" என்றார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு நின்ற எங்கள் பக்கம் பார்த்தாள். நாங்கள் இன்னும் சிரிப்பை நிறுத்தியிருக்கவில்லை.